மடக்குப் பலகை

“பெரிய பாட்டிலா எத்தனை நிக்கும் இதுல?”

கேட்டது வாங்க வந்தவர் இல்லை, அவர் மனைவி. பழைய மரச்சாமான் கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பார் கேபினட் வாங்க வரும் கணவன்மாரின் பின்னால், மனைவிமார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதுதான் அவர் இதுவரை கண்டது.

“ஒரு டஜன் தாராளமா நிக்கும்மா. அத்தனையும் தேக்கு. உள்ளே கண்ணாடி, லைட்டு எல்லாம் இருக்கு. சார் கொடுத்து வெச்சவரு!”

“ஆமா, ரொம்பக் கொடுத்து வெச்சவருதான்” என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன வாரம் டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. “இனிமே பத்தியமெல்லாம் வேண்டாம்மா. என்ன ஆசைப்படறாரோ, கொடுத்துடுங்க.”

அதை எந்த வாயால் அவரிடம் சொல்வது? “கொஞ்சமா குடிச்சா தப்பில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாருங்க” என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தாள். அவர் குழந்தை மாதிரி சிரித்தார். “அப்படின்னா கண்ட இடத்துல வெச்சுக் குடிக்கக் கூடாது. பழைய காலத்து பார் கேபினட் ஒண்ணு வாங்கிடுவோம்.”

இதே மனிதர்தான் ஒரு காலத்தில் அவளுடைய தையல் மேசையை விற்றுக் குடித்தவர். அன்றிலிருந்து மிஷினைத் தரையில் வைத்து, கையால் சுற்றி, முதுகு ஒடியத் தைத்துத்தான் அவள் குடும்பத்தை ஓட்டுகிறாள். சண்டை போட்டுப் போட்டே குடியை நிறுத்தவும் வைத்தாள். நிறுத்தி என்ன பிரயோசனம்? ஈரல் அதற்கு முன்பே கெட்டுப் போயிருந்தது.

“தேக்கு வேண்டாம், கனம் ஜாஸ்தி. ஒரு ஆளு தனியா நகர்த்த முடியாது” என்றார் அவர்.

“நீங்க எதுக்கு சார் நகர்த்தறீங்க? நம்ம ஆளுங்களே வந்து வெச்சுட்டுப் போவாங்க.”

“பெருக்கறப்போ நகர்த்த வேண்டாமா?”

அடுத்தது உயரம் அதிகமாம். அதற்கடுத்ததில் விளக்கு மங்கலாம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இருக்கப்போவதே கொஞ்ச நாள், அதற்குள் இத்தனை நொட்டையா? அப்படி நினைத்துவிட்ட தன்னை, மறுகணமே வெறுத்தாள்.

கடைசியில் மூலையில் கிடந்த ஒன்றின் முன்னால் அவர் நின்றார். சின்னது. அடியில் சக்கரம். முன்கதவை இறக்கிவிட்டால் மேசை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், கிளாஸ் வைத்து ஊற்ற. பக்கத்தில் இருந்த நாற்காலியை அவர் இழுத்துப் போட்டார்.

“நீ உட்காரு.”

“நானா? குடிக்கப்போறது நீங்க, நான் எதுக்கு?”

“உட்காரேன்.”

உட்கார்ந்தாள். பலகை சரியாக அவள் முழங்கை மட்டத்துக்கு வந்தது. அவர் விளக்கைப் போட்டுப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் பலகைமேல் ஊன்றி, மூச்சு வாங்க வாங்க அழுத்தினார்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். “ரெண்டு கிளாஸ் வைக்க இவ்வளவு பலம் எதுக்கு சார்? ஆனா ஒண்ணு சொல்லிடறேன், உள்தட்டு ரொம்பக் குட்டை. இதுல ஒரு பாட்டில்கூட நிக்காது.”

“நிக்க வேண்டாம். தையல் மிஷின் வெச்சா பலகை தாங்குமா, அதைச் சொல்லுங்க.”

“என்னங்க…” என்றாள் அவள்.

அவர் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “டாக்டர் முதல்ல என்கிட்டதான் சொன்னாரு. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரலை, அதான் அவரையே சொல்லச் சொன்னேன்.”