மூச்சு விடாதீங்க

பல வருட ரத்த அழுத்தத்தில் இதயச் சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று பார்க்க, செல்லக்கிளியை எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். ஸ்கேன் அறை வாசல்வரை வந்த கணவர், காதோரம் குனிந்து சொல்லியிருந்தார்: "யார் என்ன கேட்டாலும் அந்த விஷயத்தப் பத்தி மூச்சு விடாத." இயந்திரம் தடதடத்தது. அவள் விரல்கள் அங்கியின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தன. "கைய ஆட்டாதீங்கம்மா, படம் கலங்குது," என்றது ஹெட்போனில் டெக்னீஷியன் பெண்ணின் குரல். "நல்லா இழுத்து நிறுத்துங்க. மூச்சு விடாதீங்க." விரல்கள் சட்டென்று அடங்கின. திரையில், தடித்த சுவருக்குள் இதயம் மட்டும் முட்டி முட்டிப் பார்த்தது.

"போதும்மா, இப்ப மூச்சு விடலாம்."

அவள் விடவில்லை.

"விடுங்கம்மா! எவ்வளவு நேரம் அடக்குவீங்க?"

குழாய்க்குள்ளிருந்து சன்னமாகக் கேட்டது: "கதவு சாத்தியிருக்கா, தாயி?"