மடங்காத விரல்

டாக்டர் யோகப்பிரியாவுக்குப் பொறுமை போய்விட்டது. குப்பண்ணனின் ஸ்கேன் படங்களை வைத்துக் கம்ப்யூட்டரில் உருவாக்கி அச்சிட்ட பிளாஸ்டிக் கை எலும்பு மேஜையில் கிடந்தது. அதில் ஆள்காட்டி விரல் மட்டும் மடங்கியிருந்தது.

"மூட்டு நொறுங்கிப் போச்சுங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் இந்த விரல் அசையாது. இப்படி மடக்கி வெச்சுட்டா சோறு பிசையலாம், பொத்தான் போடலாம்."

"நேராவே வெச்சிருங்க, டாக்டரம்மா" என்றார் குப்பண்ணன்.

"குச்சியாட்ட நின்னா எல்லாத்துலயும் இடிக்குமுங்க!"

"இடிச்சாப் பரவால்லீங்க."

மனைவி மயிலாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஊட்டுலயும் இதே பாட்டுத்தானுங்க. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு."

தியேட்டர் நர்ஸ் மறுபடியும் எட்டிப் பார்த்தாள். யோகப்பிரியா எழுந்துவிட்டார். "அந்த விரலுக்கு அப்படி என்னதானுங்க வேலை?"

குப்பண்ணன் தோளில் கிடந்த துண்டை உதறி, பிளாஸ்டிக் கையின் மேல் போட்டார். "துண்டுக்குள்ள கைய உட்டு, வெரலெல்லாம் சேத்துப் புடிங்க."

யோகப்பிரியா பிடித்தார். மடங்கிய விரல் மட்டும் பிடிக்கு வரவில்லை.

"வேலந்தாவளம் சந்தையில நான் மாட்டுத் தரகனுங்க. துண்டுக்குள்ள எத்தன வெரலப் புடிக்கறாங்களோ அதுதான் வெல, வெரலுக்குப் பத்தாயிரம். ஒண்ணு மடங்கிப் போச்சுன்னா, அப்புறம் எவனுங்க நாலுக்கு மேல கேப்பான்?"