இருபத்துநாலு மணி நேர மின்சாரம்

பதினொரு மணி நேரம், நான்கு நிமிடம்.

பெட்டியின் முகப்பில் அந்த எண் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. மின்சாரம் எத்தனை நேரம் நின்றுபோனது என்பதைப் பெட்டி தானே சொல்லும். அப்படி வடிவமைத்தவள் அவள்தான்.

அதற்குக் கீழே வெப்பநிலை. முப்பத்தேழரை இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தாறு.



முட்டைகளை அடைகாக்கும் பெட்டி அது. மூன்று தட்டு, அறுபது முட்டை. கண்காட்சியின் இரண்டாம் நாள் காலையில், வருகிறவர்கள் கண்ணெதிரே குஞ்சு பொரிக்க வேண்டும் என்று நாள் பார்த்து வைத்திருந்தாள். அந்த நாள் இன்றுதான். தலைக்கு மேல் பேனர் வேறு: 'இன்று காலை, இங்கே பிறக்கும்!'

இந்தக் கட்டத்தில் முட்டைக்குள் இருப்பது வெறும் கரு அல்ல. காற்றறைக்குள் அலகை நுழைத்து மூச்சுவிடத் தொடங்கிவிட்ட குஞ்சு. அது தெரியாத படிப்பாகப் படித்துத் தொலைத்திருக்கலாம்.

கணவன் அவளுக்கு முன்பே வந்திருந்தான். இரவு அவள் பெண்கள் விடுதியில் தங்கினாள். அவன் பெட்டியை ஏற்றிவந்த வேனிலேயே படுத்துக்கொண்டான்.

"ராத்திரி எட்டு மணிக்கு ஹால் முழுக்க கரண்டை நிறுத்திடுவாங்களாம். வேணும்னா முன்னாடியே எழுதிக் கேட்டிருக்கணுமாம்."

யார் கேட்டிருக்க வேண்டும் என்று அவன் சொல்லவில்லை.

அவர்களுக்கு இது முதல் கண்காட்சி. விதிமுறைப் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் மண்டையை உடைத்திருந்தார்கள். 'ஷெல் ஸ்கீம்' என்றால் மூன்று பக்கத் தடுப்பும் விளக்கும் கண்காட்சிக்காரர்களே தருவார்கள். 'ரா ஸ்பேஸ்' என்றால் வெறும் தரை, மற்றதெல்லாம் நம் பாடு. 'ஃபேசியா' என்றால் ஸ்டால் நெற்றியில் வரும் பெயர்ப்பலகை. ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து அவனுக்குப் பாடம் நடத்தினாள்.

'இருபத்துநாலு மணி நேர மின்சாரம்' என்ற வரி வந்தபோது சிரித்தாள்.

"இதுக்கு அகராதி வேணாம். கரண்டுன்னா எப்பவும்தானே வரும்?"

பக்கத்தைப் புரட்டிவிட்டாள்.

புரியாத வார்த்தைகள் எல்லாம் அவளைப் பிழைக்க விட்டன. புரிந்த ஒன்று கழுத்தை அறுத்துவிட்டது.

"என்னம்மா, குஞ்சா, ஆம்லெட்டா?" பக்கத்து ஸ்டாலிலிருந்து எட்டிப் பார்த்தார் பேக்கிங் மெஷின்காரர்.

வேறு நாளாக இருந்தால் அவர் கேட்டதற்கு அவன் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்திருப்பான். இன்று பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒரு ஆர்டர்கூட இல்லாமல் ஊர் திரும்பினால் பெட்டி செய்யும் பட்டறையை மூடிவிடுவது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். நேற்று நின்று கேட்டவர் ஒரே ஒருவர், கோழி வளர்ப்போர் சங்கத்து அம்மாள். "பொரிக்கட்டும்மா, வந்து பாக்கறேன்" என்று போயிருந்தார்.

"அந்தப் பேனரைக் கழட்டுங்க" என்றாள்.

"இருக்கட்டும்."

"செத்த முட்டைக்கு மேல எதுக்குங்க அது?"

அவன் அசையவில்லை.

அவள் மண்டியிட்டுக் கண்ணாடியில் காதை வைத்தாள். மேல்தட்டு, சத்தமில்லை. நடுத்தட்டு, அதுவும் இல்லை. திறந்து பார்க்கப் பயமாக இருந்தது. திறந்தால் மிச்சமிருக்கும் சூடும் போய்விடும். யாருக்காக அந்தச் சூடு என்று அவளுக்கே தெரியவில்லை.

பார்வையாளர்களை உள்ளே விட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. இப்படியே பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சாயங்காலம் வரை கடத்திவிட முடியுமா என்று பார்த்தாள்.

கீச்.

முதலில் மனப்பிரமை என்றுதான் நினைத்தாள்.

கீச், கீச்.

கீழ்த்தட்டில் ஒரு முட்டை ஆடியது. ஓட்டில் நட்சத்திரம் போல ஒரு விரிசல். அதன் நடுவே ஒரு அலகு நுனி.

அவளுக்கு அழுகை பீறிட்டது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

சங்கத்து அம்மாள் வந்தபோது இரண்டு குஞ்சுகள் ஈரமாகத் தள்ளாடிக்கொண்டிருந்தன. மூன்றாவது பாதி வெளியே. சுற்றிலும் கூட்டம். பேக்கிங் மெஷின்காரர் தன் கடையை விட்டுவிட்டு முன்வரிசையில் நின்றார்.

"இந்த நம்பர் என்னம்மா?"

"கரண்ட் நின்ன நேரங்க."

அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பதினொரு மணி நேரமா? எங்க பக்கம் ராத்திரி கரண்ட் போனா விடிஞ்சாதான் வரும். எத்தனை பேர் முட்டையை அள்ளிக் குழியில கொட்டியிருக்காங்க தெரியுமா? முதல்ல இருநூறு பெட்டி குடு. அப்புறம் பேசலாம்."

இருநூறு.

அவள் போட்ட கணக்கின்படி பெட்டி நான்கு மணி நேரம்தான் சூட்டைத் தாங்கும். நூறு முறை சரிபார்த்த கணக்கு. தப்பாக இருந்துவிட்டுப் போகட்டும். தனக்கே தெரியாமல் தான் கெட்டிக்காரியாக இருக்கக் கூடாதா?

"தாங்கும்ல?" என்றார் அம்மாள். "இதை நம்பித்தான் அவங்க படுத்துத் தூங்குவாங்க."

அவள் கணவனைப் பார்த்தாள்.

அவன் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவளைப் பார்த்தான், மன்னிப்புக் கேட்கிறவனைப் போல.

"தாங்காதுங்க" என்றான். "கரண்டை நிறுத்தினதும் கீழ்த்தட்டுல இருந்து எட்டு முட்டையை எடுத்துட்டேன். அது ராத்திரி பெட்டியிலயே இல்லை. வேன்ல, என் சட்டைக்குள்ள இருந்துச்சு."