லீவு எழுதாத அப்பா

"குழந்தை பொறந்து இருபது நாளாச்சு. அப்பாவுக்குன்னு குடுக்குற லீவை எப்பதான்யா எடுப்ப?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"அடுத்த வாரம் பாக்கலாம்ணே," என்றான் கிரேன் ஓட்டுகிறவன்.

"போன வாரமும் இதையேதான் சொன்ன. பீத்துணி அலசப் பயந்துக்கிட்டு இங்க வந்து ஒளியுறியா? இந்த மாசம் தாண்டினா லீவு கெடையாது, பாத்துக்க."

"போனாப் போகுதுண்ணே."

இருபது மாடி உயரம் ஏறிக் கூண்டுக்குள் உட்கார்ந்தான். பிரசவத்துக்கென்று மகளை அழைத்துப்போன மாமனார், அதன்பின் இவனை வாசற்படி மிதிக்க விடவில்லை. ஒன்பது மணிக்கு அந்த வீட்டு மொட்டைமாடிக்கு மனைவி வந்தாள். குழந்தையை கிரேன் பக்கமாக உயர்த்திப் பிடித்தாள்.

இங்கிருந்து முகம் தெரியாது. கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெள்ளைத் துணிதான் தெரியும். கீழே நின்றால் அந்த வீட்டு மதில்சுவர் மட்டும்தான்.