சக்கரத்தில் ஏறிய எலி

ஆய்வுக்கூடக் கூண்டில் இரண்டு எலிகளும், அவை ஏறி ஓட ஒரு சக்கரமும் இருந்தன. சின்னதற்கு அடிக்கடி வலிப்பு வரும். அப்போதெல்லாம் பெரியது அதன் தலைக்கடியில் பஞ்சைத் தள்ளி, முதுகைத் தட்டிக்கொடுக்கும்.

போன மாதம் சின்னதின் மூளைக்குள் ஒரு மரபணுவைச் செலுத்தினார்கள். இனி வலிப்பு கிளம்பும்போது, அதை அடக்கும் நியூரோபெப்டைடு என்ற வேதிப்பொருளை மூளையே சுரந்துகொள்ளுமாம்.

“அண்ணே, சக்கரத்துல ஏறட்டுமா?”

“விழுந்து தொலைப்பே. பேசாம உட்காரு.”

“இருபது நாளா ஒண்ணும் வரலையே.”

“இனிமே வராதுன்னு எந்த டாக்டர் உன்கிட்ட சொன்னாரு?”

சின்னது ஏறிவிட்டது. நாலு சுற்று ஓடியதும் சட்டென்று நின்றது. மீசை துடித்தது. பெரியது பஞ்சைக் கவ்விக்கொண்டு ஓடி வந்தது. அதற்குள் துடிப்பு அடங்கிவிட்டது.

“வந்துச்சா?”

“வந்துச்சுண்ணே. உள்ளேயே ஏதோ ஒண்ணு தட்டிக்கொடுத்துப் படுக்க வெச்சிடுச்சு.”

பெரியது பஞ்சைக் கீழே வைத்தது.

“என்னைவிட நல்லாத் தட்டுதோ?”

“நல்லாத்தான் தட்டுது. ஆனா அதுக்குத் திட்டத் தெரியலைண்ணே.”

“போடா” என்றது பெரியது.

சக்கரம் மறுபடி சுழன்றது. பெரியது மூலைக்குப் போய், முதல் தடவையாகச் சின்னதின் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்தது. கண்ணை மூடிக்கொண்டது. காது மட்டும் சக்கரத்தின் பக்கமே திரும்பியிருந்தது.