விளக்குத் தீவுக்கு வந்த உத்தரவு

1829. அமெரிக்காவின் மேன் மாநிலக் கரைக்கு அப்பாலிருந்த சின்னத் தீவில் படகைக் கட்டிவிட்டு, ஏசா புரூயிட் உத்தரவுக் கடிதத்தோடு கலங்கரை விளக்கில் ஏறினான். வலை இழுத்து இழுத்துக் கை வெடித்துப்போனவன். இனி இந்த விளக்குக்காரர் வேலையும் வீடும் அவனுக்கு.

மேலே ஒரு பெண் விளக்குக் கண்ணாடியில் படிந்த கரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"விளக்குக்காரர் தர்லோ எங்கம்மா? புது ஜனாதிபதி அவரை வேலையை விட்டு எடுத்துட்டாரு. நாளைக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும்."

"என்ன தப்பாம்?"

"தேர்தல்ல எதிரா ஓட்டுப் போட்டாராம்."

"அதுக்கு வயித்துல அடிப்பாரா? ராஜா வேண்டாம்னுதானே நம்ம அப்பனுங்க துப்பாக்கி தூக்கினாங்க?"

"ஜெயிச்சவர் தன் ஆளை வைக்கிறாரு. அவருக்கு அதிகாரம் இருக்கும்மா."

"இருக்கட்டும். விசாரிச்சாரா?"

"வாஷிங்டன்ல இருக்கிறவர் இந்தப் பாறைக்கு வந்தா விசாரிப்பாரு? யாராவது எழுதிப் போட்டா நம்புறதுதான். நீங்க தர்லோவைக் கூப்பிடுங்க."

அவள் துணியை உதறினாள்.

"என் புருஷன் செத்து ஆறு வருஷம் ஆச்சு. அன்னையிலேர்ந்து விளக்குக்காரி தர்லோ நான்தான். சம்பளமும் என் பேர்லதான் வருது. இந்த நாட்டுல எந்தப் பொம்பளைக்கு ஓட்டு இருக்கு, தம்பி?"

ஏசா உத்தரவுக் கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் செருகினான்.

"எந்தப் படுபாவி இப்படி எழுதிப் போட்டான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றான், கடலைப் பார்த்தபடி.

தன் கையாலேயே அந்தப் புகாரை எழுதியபோது, தர்லோ ஆணா பெண்ணா என்றுகூட அவன் யாரையும் கேட்டிருக்கவில்லை.