சோலையப்பன் கடை மாங்காய்

அன்று அந்த பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். வீட்டுக்காரர் சபாபதி; கிள்ளானிலிருந்து தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்த அரிசி வியாபாரி ரெங்கசாமி; வேலைக்காரி இராஜம்மா; விருந்தின் நடுவில் ஆள் விட்டு அழைத்துவரப்பட்ட ஊறுகாய்க் கடை சோலையப்பன். சபாபதியின் மனைவி சீதாலெட்சுமியும் மகள் சந்திரகலாவும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். அந்த வீட்டில் கதவுக்குப் பின்னால் நிற்பவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

விருந்து நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மோர்ச் சாதத்துக்கு வந்தபோது ரெங்கசாமி இலையோரத்து மாங்காய் ஊறுகாயை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார், திறந்தார்.

"இது ஸ்டேஷன் வாசல் சோலையப்பன் கடைச் சரக்கு."

சபாபதியின் கை இலையிலேயே நின்றுவிட்டது. "எங்க பாட்டன் காலத்திலேருந்து இந்த வீட்டு இலையில கடை ஊறுகாய் விழுந்ததில்லீங்க."

"பிரிக்பீல்ட்ஸ் வந்தா ஒரு போத்தல் வாங்காம நான் ரயில் ஏறுறதில்ல. எனக்குத் தெரியாதா? நீங்க அங்கதான் வாங்குறீங்கன்னு ஊரே பேசுது. நான் நம்பல." அவர் இராஜம்மா பக்கம் கையை நீட்டினார். "போன வெள்ளிக்கிழமை இந்த அம்மாவை அந்தக் கடையில பார்த்தேன். தலையில பிஸ்கட் தகரத்தை வச்சுக்கிட்டு வந்துச்சு. திரும்புறப்ப அதைக் கக்கத்துல இடுக்கி, முந்தானையால மூடிக்கிட்டு விறுவிறுன்னு போச்சு."

இராஜம்மா தரையைப் பார்த்தாள். மூடி மறைத்துக் கொண்டுவந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் சபாபதிக்குக் காது மடல் சுட்டது.

ரயில்வேயில் பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். ஆட்குறைப்பில் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதை ஓய்வு என்றுதான் சொல்வார். இன்றைக்கும் விருந்தாளிக்கு வெள்ளி டம்ளரில்தான் காப்பி. கடை ஊறுகாய் வாங்குகிற வீடு என்றால், அந்த வீட்டுப் பெண்களுக்குக் கைப்பக்குவம் இல்லை என்று பொருள். இந்தப் பேச்சு கிள்ளான் வரை போய்விட்டால் சந்திரகலாவுக்கு இந்த வரனும் இல்லை, வேறு வரனும் இல்லை.

அதனால்தான் சோலையப்பனுக்கு ஆள் போயிற்று.

கடை போட்டு இரண்டு வருஷத்துக்குள் சோலையப்பன் வியாபாரத்தின் நெளிவுசுளிவெல்லாம் கற்றுக்கொண்டிருந்தான். காஜாங் ரயிலில் வந்து இறங்குகிறவர்களின் உள்ளங்கையில் ஒரு துண்டு ஊறுகாயைச் சும்மா வைப்பான். மதியத்துக்கு முன்பே 'சரக்குத் தீர்ந்தது' என்று பலகை மாட்டி, நாளைக்கு வரச் சொல்வான். இந்த ருசிக்கு என்ன காரணம் என்று கேட்டால் குரலைத் தாழ்த்தி, "பெரிய இடத்துச் சங்கதி, பேரைச் சொல்லக்கூடாது" என்று சபாபதி வீட்டுப் பக்கம் தலையைத் திருப்புவான். அந்தத் திருப்பலுக்கே இரண்டு போத்தல் போகும்.

"என் பேரைச் சொல்லியா வியாபாரம் பண்றே?" என்றார் சபாபதி.

"பேரைச் சொல்லலீங்க, கிராணி ஐயா."

"என் வீட்டுப் பக்கம் தலையைத் திருப்புறியாமே?"

"கழுத்து வலிங்க. திருப்பினா அந்தப் பக்கந்தான் போகுது."

ரெங்கசாமி மீசையைத் தடவிச் சிரிப்பை மறைத்துக்கொண்டார். சபாபதி பூஜைத் தட்டை எடுத்துவந்து கற்பூரம் ஏற்றினார்.

"இதை அணைச்சுச் சத்தியம் பண்ணு. என் வீட்டு ஆளுங்க உன் கடையில எப்பவாவது ஊறுகாய் வாங்கியிருக்காங்களா?"

சோலையப்பன் யோசிக்கவே இல்லை. ஒரே அடியில் கற்பூரத்தை அணைத்தான். "ஒரு துண்டு வாங்கினதில்லீங்க."

சபாபதி நெஞ்சை நிமிர்த்தினார். "கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டேன். கற்பூரத்துல அடிச்சவன் பொய் சொல்ல மாட்டான். அப்ப என் நாக்குதான் பொய் சொல்லுதா? தகரம் எதுக்குக் கடைக்குப் போச்சு?"

சோலையப்பனின் கண் சமையலறைக் கதவுக்குப் போய் வந்தது.

"அங்க என்னடா பார்வை?"

"கழுத்துங்க."

"கழுத்தையும் தூக்கிக்கிட்டு கடையைக் காலி பண்ணிடு. கட்டடக்காரர் எனக்கு வேண்டியவர். நாளைக்கு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேன்னா, அப்புறம் உன் கடைப் பலகை திறக்காது."

சோலையப்பன் முகம் வெளுத்தது. "வேணாங்க ஐயா. கடையை மூடினா எனக்கு மட்டும் நஷ்டமில்லீங்க."

"வேற யாருக்கு?"

சோலையப்பனின் கண் மறுபடியும் அந்தக் கதவுக்கே போயிற்று. ரெங்கசாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்தார்.

"கடை ஊறுகாய் தின்னா தின்னுட்டுப் போறீங்க, அது ஒண்ணும் பெரிய குத்தமில்ல. ஆனா உங்க கௌரவத்துக்காக ஒருத்தன் பிழைப்பையே மூடப் பார்க்குறீங்க. இந்த மூடி மறைக்கிற புத்தி சம்பந்தத்துக்குச் சரிப்படாதுங்க. நான் வரேன்."

சமையலறைக் கதவு திறந்தது. அந்நிய ஆண் முன்னால் அதுவரை வந்து நிற்காத சீதாலெட்சுமி கூடத்துக்கு நடுவில் வந்து நின்றாள். மிளகாய்ப் பொடியின் சிவப்பு அவள் மணிக்கட்டு வரை ஏறியிருந்தது. புருஷனை அவள் பார்க்கவில்லை, ரெங்கசாமியைத்தான் பார்த்தாள்.

"ஊர்ப் பேச்சு சுத்தப் பொய்ங்க. அந்தக் கடையில நாங்க வாங்குறதில்ல, விக்கிறோம்."